மந்தாரக்குப்பம் மாடியறையில் மூன்று கிளிக்குஞ்சுகள்

பொட்டுக்கடலை மாவை வெந்நீரில் குழைத்து, அதில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்தால் ஒரு வாசனை வரும். எங்கள் மாடியறை முழுக்க ஒரு கோடைக்காலம் அந்த வாசனைதான்... சட்டை, தலையணை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும்.

அப்போது நெய்வேலி சுரங்கத்தில் நான் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடியறையை மூன்று பேராக வாடகைக்கு எடுத்திருந்தோம். மற்ற இருவர், கரூர்க்காரர் கதிரேசன் அண்ணன், குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்துக் கிராமத்துத் தனபால். மூவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட்.

ஒரு நாள் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த பிறகு தனபால் சைக்கிளில் வந்து இறங்கினான். தலையில் சுரங்க ஹெல்மெட் இல்லை. அதைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தான். உள்ளே மூன்று கிளிக்குஞ்சுகள்.

"பட்டுப்போன பனை வுழுந்து கெடந்துச்சு மாப்ள. பொந்துல இதுங்க கத்திகினு இருந்துச்சுங்க. தாய்க்கிளி வருதான்னு நின்னு நின்னு பாத்தேன். வரல."

கிளி என்று சொன்னால்தான் தெரியும். இறகே இல்லை. சுருங்கிய தோல், பெரிய தலை, மூடிய கண்.

எங்களில் யாருக்கும் கிளி வளர்த்துப் பழக்கமில்லை. ஆனால் ஒரு வசதி இருந்தது. எந்த நேரமும் எங்களில் ஒருவன் அறையில் இருப்பான். பழைய அட்டைப்பெட்டி, பனியன் துணி, மேலே ஒரு குண்டு பல்பு. இங்க் ஃபில்லரில் மாவுக்கரைசலை எடுத்து அலகு ஓரத்தில் வைத்தால், தலையை ஆட்டி ஆட்டி விழுங்கும். கழுத்துக்குக் கீழே இருக்கும் இரைப்பை பந்து மாதிரி உப்பிவிடும். அது வற்றியதும் மறுபடி கத்தல்.

ஷிஃப்ட் மாறும்போது சுரங்க வாசலில்தான் எங்கள் பேச்சு.

"சாப்ட்டாச்சா?"

"ரெண்டு சாப்ட்டுச்சு. சின்னதுதான் அடம் பிடிக்குது."

ஒரு நாள் சூப்பர்வைசர் நிறுத்திக் கேட்டார். "உங்க மூணு பேருக்குமே கல்யாணம் ஆகலியேப்பா... யார் புள்ளைக்கு இவ்ளோ விசாரிப்பு?"

கீழ்வீட்டில் இருந்த அஞ்சலாட்சி அம்மாதான் வீட்டுக்காரர். நாய், பூனை எதுவும் கூடாது என்று சொல்லித்தான் சாவியே கொடுத்தார். சத்தம் கேட்டு ஒரு காலை மேலே ஏறி வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா தனபாலு இது, தேரையா?"

"கிளிம்மா."

"கிளியோ கழுகோ... ஒரு வாரம் பாப்பேன். அதுக்குள்ள எங்கனா கொண்டு போய் வுட்டுடணும். இல்ல, வூட்டக் காலி பண்ணிக்கினு போங்க."

அந்த வாரத்தில்தான் சின்னக்குஞ்சு படுத்துவிட்டது. இரைப்பை வற்றவே இல்லை. தொட்டால் ஆறிப்போன களி மாதிரி கெட்டியாக இருந்தது. அவசரத்தில் ஆறிய மாவைக் கெட்டியாகக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. மாவை நிறுத்தினோம். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். தனபால் ஊருக்குப் போயிருந்தான். மாற்று ஆள் வராததால் கதிரேசன் அண்ணன் டபுள் டூட்டி என்று தகவல். ஷூவை மாட்டிக்கொண்டு, குஞ்சைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றேன். போக மனசில்லை. போகாவிட்டால் வேலை இருக்காது.

அஞ்சலாட்சி அம்மா படியில் நின்று பார்த்தார். மேலே ஏறி வந்து கையை நீட்டினார்.

"இப்டிக் குடு. நீ வேலைக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

அன்று என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து மூச்சிரைக்க சைக்கிளை மிதித்து வந்தேன். படியில் கால் வைக்கும்போதே சத்தம்... வீட்டையே தூக்குகிற கத்தல். அம்மா முந்தானையில் குஞ்சைப் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரைப்பை வற்றியிருந்தது.

"பசிக்குதாம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வாரக் கெடுவைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

பச்சை இறகு முளைத்தது. கோவைப்பழம், கொய்யா, பச்சை வேர்க்கடலை என்று தானே கொத்தித் தின்னப் பழகின. அறைக்குள் மின்விசிறியை அணைத்துவிட்டு, கொடிக்கயிற்றிலிருந்து ஜன்னலுக்குப் பறக்க விட்டோம். தெருவில் ஒருவர் கூண்டும் கத்தரிக்கோலுமாக வந்தார். இறக்கையை நறுக்கிவிட்டால் எங்கேயும் போகாது, பேசப் பழக்கலாம் என்றார். அம்மாவுக்கும் உள்ளூர அந்த ஆசைதான்.

"வெளிய வுட்டா காக்கா கொத்திடும்ப்பா. இங்கியே இருக்கட்டுமே."

கதிரேசன் அண்ணன்தான் பிடிவாதமாக நின்றார். "வெட்ட வேண்டாங்கம்மா. இத்தனை பாடுபட்டது பறக்கறதப் பாக்கத்தானுங்க."

மூவரும் வார விடுமுறையை மாற்றிக்கொண்டு, ஒரு சாயங்காலம் மொட்டைமாடிக்குக் கொண்டு போனோம். பெரியது இரண்டும் கைப்பிடிச்சுவரில் கொஞ்சம் நடந்து, சட்டென்று எதிர்வீட்டு வேப்பமரத்துக்குப் போய்விட்டன. சின்னது கிளம்பியது... தெருவில் போய் விழுந்தது. உடனே இரண்டு காக்கைகள் இறங்கின.

நாங்கள் படியிறங்குவதற்குள் அம்மா துடைப்பத்தோடு தெருவில் நின்றார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. காக்கைகள் விலகின. சின்னது தத்தித் தத்தி, நிறுத்தி வைத்திருந்த சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஏறியது. ஒரு முறை உடம்பை உதறியது. எழும்பியது.

வேப்பமரத்தையும் தாண்டி மேலே போனது. நெய்வேலி நகரியம் பக்கமிருந்து ஒரு கிளிக்கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. மரத்திலிருந்த இரண்டும் எழும்பின. கண்ணை மூடித் திறப்பதற்குள் எது எங்களுடையது என்று தெரியவில்லை.

"போவுது பாரு... போவுது பாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். தனபால் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தான். தெருவே வாசலுக்கு வந்து கை தட்டியது. அன்று டீக்கடைக்கு நாங்கள் மூவரும் நடந்து போனது, கோப்பை ஜெயித்த டீம் போவது மாதிரி இருந்தது.

இப்போது கோயம்புத்தூரில் எனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பறவைக்குஞ்சுக்கென்றே பாக்கெட்டில் மாவு விற்கிறது. கேள்வி இருந்தால் போனில் வீடியோ. நம் காட்டுக்கிளியை வீட்டில் வளர்ப்பதே சட்டப்படி குற்றம் என்று இப்போது தெரியும். குஞ்சு கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அதுதான் சரி. ஆனாலும், மூன்று பேர் மூன்று ஷிஃப்டில் ஒரே உயிரைக் கைமாற்றிக் காப்பாற்றிய அந்த நாட்கள் மாதிரி பிறகு அமையவில்லை.

போன மாதம் மந்தாரக்குப்பம் போயிருந்தேன். மாடியில் புதுப் பையன்கள், வேறு கம்பெனி. அஞ்சலாட்சி அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சொன்னன்ல... இவுங்கதான். பத்துக் கிளிய வளத்து வானத்துல வுட்டவங்க."

பத்து என்றே இருக்கட்டும். நான் திருத்தவில்லை.