விருந்தாளி நீலமேகம்

நீலமேகம் எங்கள் குப்பத்துக்கு விருந்தாளியாக வந்து வருடக்கணக்காகிறது. இன்னும் கிளம்பவில்லை.

அவன் சொந்தக் குப்பத்தில் எவனோ அவன் வலையை அறுத்துவிட்டான். ஊர்க்கூட்டத்தில் சொல்லாமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான், மடையன். அறுத்தவனை விட்டுவிட்டு இவனைத் தள்ளி வைத்தார்கள். கடையில் உப்புகூடத் தரவில்லை, படகிலும் ஏற்றவில்லை. பிறந்ததிலிருந்து படகில் போனவன், மனைவி லோகநாயகியோடும் மகள் சந்தியாவோடும் மூட்டையைச் சுமந்து ஏரிக்கரையோரம் நடந்தான். சும்மா சொல்லக்கூடாது, போன குப்பமெல்லாம் நல்ல உபசாரம். இறால் தொக்கு வைத்துச் சோறு போட்டு, வழியும் காட்டி அனுப்பினார்கள்.

எங்கள் ஊருக்கு வந்தபோது சந்தியாவின் காலெல்லாம் கொப்புளம். தலைவர் திருவேங்கடம் யோசித்தார். ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமைக்குப் பாடு என்று பெயர். குடியேறும் ஆண்பிள்ளை பாடு கேட்பான், எங்கள் முறை தள்ளிப்போகும். பெண்களுக்குப் பாடு கிடையாது. அதனால் அவர்கள்மேல் எங்களுக்கு இரக்கம் அதிகம்.

"பொம்பளைங்க இருந்துக்குங்கம்மா. உன் ஊட்டுக்காரர்தான் இடிக்குது," என்றார்.

"அவரா? எங்கள உட்டுட்டுப் போவ வந்த விருந்தாளிண்ணா. நாளைக்குப் போயிடுவாரு," என்றாள் லோகநாயகி.

விருந்தாளியை விரட்ட எந்த ஊர்க் கட்டுப்பாட்டிலும் இடமில்லை. அன்றிலிருந்து எங்கள் வலைகளின் கிழிசலைக் கட்டுகிறான், படகு தள்ளுகிறான், ஏரியில் மட்டும் வலை போடுவதில்லை. "இன்னா மச்சான், எப்போ கெளம்புறே?" என்று கேட்டால் "நாளைக்கு" என்பான். நாங்கள் சிரிப்போம். அடுத்தவன் வலை விழுவதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கே பாவமாக இருக்கும், பாடு கொடுக்கிற அளவுக்கு இல்லை.

போன மழைக்கு முன்னால், ஒருவழியாக, அவனுக்கும் ஒரு பாடு தரலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நீலமேகம் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். பாழாய்ப்போன நேரம், அப்போது பார்த்தா இன்னொரு குடும்பம் மூட்டையோடு நடந்து வர வேண்டும்? புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. அவர்களையும் ஊரில் தள்ளி வைத்துவிட்டார்களாம்.

எங்களுக்கு முன்னால் குதித்தவன் நீலமேகம்தான். "வர்றவனுக்கெல்லாம் எடம் குடுத்தா ஊரு இன்னாத்துக்கு ஆவும்?"

லோகநாயகி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குத் தட்டு வைத்தாள். "நீங்க குந்துங்க. எங்க ஊட்டுக்காரரு விருந்தாளிதான். நாளைக்குப் போயிடுவாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாடு பேச்சு அதோடு நின்றது.

நீலமேகம் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து அந்தப் புருஷனிடம் கொடுத்தான்.

"யாரு கேட்டாலும் விருந்தாளின்னு சொல்லு," என்றான்.