சும்மாட்டுக்கு ஒரு பருத்தித் துணி

மரக்காணம் உப்பளத்தில் பாத்தியிலிருந்து மேட்டுக்கு உப்பு சுமப்பது என் வேலை. ஈர உப்பு. கூடை தலையில் ஏறினால் கழுத்து தோளுக்குள் இறங்கிவிடும். தலைக்கும் கூடைக்கும் நடுவில் சுருட்டி வைக்கும் சும்மாடுதான் ஒரே ஆதரவு. அதற்குப் பழைய பருத்தித் துணிதான் வேண்டும். பல தடவை துவைத்து நூல் நைந்த துணி, முறுக்கினால் முறுக்கியபடியே நிற்கும். பாரம் ஏறினால் அமுங்கி, தலைக்குத் தகுந்தாற்போல் உட்காரும். வேர்வையையும் குடித்துக்கொள்ளும்.

இப்போது எந்த வீட்டில் பருத்தி இருக்கிறது? என் புடவையெல்லாம் பாலியஸ்டர். கசங்காது, ஒரு உதறலில் காய்ந்துவிடும் என்று நானே ஆசைப்பட்டு வாங்கியவை. போன கோடையில் பழைய சும்மாடு கிழிந்துபோக, அந்தப் புடவைகளில் ஒன்றைச் சுருட்டித் தலையில் வைத்தேன். அந்த நூலுக்கு வழவழப்பு அதிகம், பிடிப்பு கிடையாது. வரப்பில் நாலடி வைப்பதற்குள் முறுக்கு விட்டு விரிந்துகொண்டது. சாய்ந்த கூடையைப் பிடிக்கப் போய்க் கழுத்து பிடித்துக்கொண்டது. படுத்தால் எழ முடியவில்லை, எழுந்தால் திரும்ப முடியவில்லை, வேலைக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. அலுத்துப் போய்விட்டது எனக்கு.

வீட்டில் பருத்தி என்று இருந்தது ஒன்றே ஒன்று, இறந்துபோன என் கணவரின் வேட்டி. மற்ற துணிகளையெல்லாம் அவர் போனபோதே சொந்தக்காரர்கள் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவர் கடைசியாகக் கட்டிய இதை மட்டும் ஒளித்து வைத்தேன். துவைக்கவே இல்லை. அவர் வாசம் அதில் இருந்தது.

சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தேன். பிறகு ஒரு காலையில் அந்த வேட்டியைச் சுருட்டித் தலையில் வைத்தேன். கூடை ஏறியது. வலி பாதியாகக் குறைந்தது.

கூடச் சுமக்கிறவள் பின்னாலிருந்து கேட்டாள்:

"இன்னாக்கா, இன்னிக்கு நல்லா நடக்குற? சும்மாடு புச்சா?"

"எங்க வூட்டுக்காரரு வேட்டிடி."

"அட, இருந்தப்ப ஒரு கொடம் தண்ணி தூக்கிக் குடுத்திருப்பாரா? இப்பவாச்சும் ஒத்தாசை பண்றாரே!"

இருவரும் சிரித்தோம். அவள் சொன்னது பொய்யில்லை. அவர்மேல் கோபமாக வந்தது, இத்தனை சீக்கிரம் போனதற்கும் சேர்த்து.

சாயங்காலம் துணியை உதறினேன். விரியவில்லை. கூடையிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் நூலுக்குள் இறங்கிக் காய்ந்து, வேட்டி அட்டைபோல விறைத்திருந்தது. அப்படியே மறுநாள் வைத்தால் தலைத்தோலை அறுத்துவிடும். அலசித்தான் ஆகவேண்டும். தினமும் சும்மாட்டுத் துணி அலசுகிறவள் நான், காலையில் இது தோன்றவே இல்லை.

முகத்தில் வைத்துப் பார்த்தேன். உப்பும் என் வேர்வையும்தான். உள்ளே எங்கேயாவது இருப்பார் என்று மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தேடினேன். இல்லை. மறுநாளும் வேலை இருந்தது. அழுதுகொண்டே வேட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கினேன்.