ஒரு முறை மட்டுமே அழுத்தவும்

வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மூன்றாவது முறையும் இழுப்பேன். ஈஜிபுராவில் நான் குடியிருந்த ஒற்றை அறையில் திருடிக்கொண்டு போக ஒரு பம்ப் ஸ்டவ்வும், சி என்ற கணினி மொழிப் புத்தகத்தின் ஜெராக்ஸ் கட்டும்தான் இருந்தன. ஸ்டவ் போனால் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அந்த ஜெராக்ஸ் கட்டு போனால் வேறென்ன இருக்கிறது?

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. டைப்ரைட்டிங் ஹையர் தேறியிருந்ததால் டேட்டா என்ட்ரிக்கு எடுத்தார்கள். புரோகிராமர் ஒருவர் அமெரிக்கா போனதும், சரியான ஆள் கிடைக்கும் வரை என்று என்னை அவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னல் உண்டு. டேட்டா என்ட்ரி அறைக்குக் கிடையாது.

கம்பெனியின் சரக்கு ஒரு குட்டிக் கணினி மொழி. கிடங்கில் என்ன இருக்கிறது, என்ன தீர்ந்தது என்று அறிக்கை எடுப்பதற்கானது. அதில் எழுதியதை வரி வரியாகப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டரை சி மொழியில் எழுதியிருந்தார்கள். ‘எந்த யூனிக்ஸ் மெஷினிலும் ஓடும்’ என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்களிடம் இருந்ததே ஒரு மெஷின்தான். அதில் ஓடியது. ஆகவே எல்லாவற்றிலும் ஓடும்.

பீன்யாவில் ஒரு பம்ப் தொழிற்சாலை அந்தத் தாளை நம்பியது. அவர்களுடைய மெஷின் வேறு தயாரிப்பு. அதே ரகத்தில் ஒன்றை எங்களிடம் ஒரு மாதம் கொடுத்து வைத்தார்கள். “இதுல ஓட வை. அவங்க ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா நீ பர்மனென்ட். இல்லன்னா பழைய ரூமுக்கே போயிடு” என்றார் மேனேஜர். நல்ல மனிதர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

ஒரு வாரத்தில் ஓடியது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

ஓடும் அறிக்கையைப் பாதியில் நிறுத்த, விசைப்பலகையில் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போது இயங்குதளம் புரோகிராமுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று புரோகிராம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடத்திலேயே செத்துப்போகும். எங்களுடையது சொல்லி வைத்திருந்தது. அழுத்தினேன். அறிக்கை அழகாக நின்றது. பூட்டை இழுக்கும் கை சும்மா இருக்குமா? இன்னொரு முறை அழுத்தினேன். இன்டர்ப்ரெட்டரே செத்துவிட்டது. சாகும்போது கிடங்குக் கோப்பின் மேல் தான் போட்டிருந்த பூட்டை எடுக்காமலே போனது. அதன் பிறகு யாரும் உள்ளே நுழைய முடியவில்லை.

அந்தப் பகுதியை எழுதியவர் எங்கள் சீனியர். பி.ஈ. படித்தவர், அதை நாம் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர்.

“சார், ரெண்டாவது தடவ அழுத்தினா செத்துப்போவுது சார்.”

“எதுக்கு ரெண்டாவது தடவ அழுத்துற?”

“நின்னுச்சான்னு பாக்க...”

“நின்னதத்தான் ஸ்கிரீன்லயே பாத்தியே! கோளாறு மெஷின்ல இல்லப்பா. டாக்டர்கிட்ட காட்டு.”

மொத்த ஆபீசும் சிரித்தது. சிரித்து முடித்து ஒவ்வொருவராக வந்து சோதித்தார்கள். எங்கள் ஆபீசில் டெமோ ஷீட் என்று ஒன்று உண்டு. எந்த விசையை எப்போது அழுத்த வேண்டும் என்று வரிசையாக டைப் அடித்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருப்பார்கள். அதில் இல்லாத விசையைத் தொடுவது செருப்போடு பூஜையறைக்குள் போவது மாதிரி. எல்லோரும் ஷீட்டைப் பார்த்து ஒரே முறை அழுத்தி, சூடான தோசைக்கல்லைத் தொட்டவர்கள் போல விரலை எடுத்தார்கள். அத்தனை பேருக்கும் நின்றது. அத்தனை பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

காரணத்தை நான் மெஷினோடு வந்த தடித்த கையேட்டில் தேடிக் கண்டுபிடித்தேன். எங்கள் மெஷினிடம் ஒரு முறை சொல்லி வைத்தால் கடைசி வரை ஞாபகம் வைத்திருக்கும். அவர்களுடையது முதல் சிக்னலோடு மறந்துவிடும். அடுத்த சிக்னலுக்குப் பழைய தண்டனைதான். அப்படிச் சொல்லி வைக்கும் அழைப்புக்கு இரண்டு மெஷினிலும் ஒரே பெயர், ஆனால் இரண்டு குணம். மறக்காத புதிய அழைப்பு ஒன்றும் அதே கையேட்டில் இருந்தது. அது இருக்கும் மெஷினில் அதையும், இல்லாத மெஷினில் ஒவ்வொரு சிக்னலுக்குப் பிறகும் திரும்பச் சொல்லி வைப்பதையும் செய்யும் சின்னப் பகுதி ஒன்றை எழுதி, சீனியரிடம் கொண்டுபோனேன்.

அவர் படிக்கவில்லை. “ஓடுறத நோண்டாத” என்றார். ஆனால் என் புகாரை அலட்சியப்படுத்தினார் என்று சொல்ல முடியாது. பயனர் கையேட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘நிறுத்துவதற்கான விசைகளை ஒரு முறை மட்டுமே அழுத்தவும்.’ அதைத் தடித்த எழுத்தில் டைப் அடித்ததும் நான்தான். ஹையர் தேறியவன் ஆயிற்றே.

என் மாற்றங்களை என் சொந்தக் கோப்புறையில் ஒரு பிரதியாக வைத்துக்கொண்டேன். சிக்னல் வந்த இடத்திலேயே திரையில் எழுதுவது, நினைவகத்தைக் காலி செய்வது என்று சீனியர் குடும்பமே நடத்தியிருந்தார். பாதி வேலையில் இருக்கும் புரோகிராமின் கையைப் பிடித்து இழுத்து அதையெல்லாம் செய்யச் சொன்னால் என்றைக்காவது விழும் என்று பயந்தேன். அதனால் என் பிரதியில் சிக்னல் வந்தால் ‘நிறுத்து’ என்று ஓர் அடையாளக் கொடியை மட்டும் ஏற்றச் செய்தேன். இன்டர்ப்ரெட்டர் ஒவ்வொரு வரியையும் முடித்த பிறகு கொடியைப் பார்த்து, ஏறியிருந்தால் ஒழுங்காக நிறுத்தும். ஒரு டேப்பில் ஏற்றிப் பையில் வைத்தேன். இன்னொரு டேப்பிலும் ஏற்றினேன்.

பீன்யாவில் சோதனை நாள். மேனேஜர், சீனியர், பையைச் சுமந்துகொண்டு நான். தொழிற்சாலை சார்பில் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் அம்மா ஒருவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். சீனியர் டெமோ ஷீட்டை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கி, டீ டம்ளருக்கு அடியில் வைத்தார்.

அறிக்கை ஓடத் தொடங்கியது. தப்பான மாதத்தைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே, நிறுத்துவதற்காக அடி அடி என்று நாலைந்து முறை அடித்தார். செத்தது. மறுபடி உள்ளே போகப் பார்த்தார். கோப்பு பூட்டியிருக்கிறது என்றது.

“மேடம், ஒரு தடவதான் அழுத்தணும். மேனுவல்ல போட்டிருக்கு” என்றார் சீனியர்.

“சும்னிரி, சும்மா இருங்க சார். லிஃப்ட் பட்டன ஒரே தடவ அழுத்துறவங்க இந்த ஊர்ல யாரு இருக்காங்க? நீங்க அழுத்துவீங்களா?”

“அதில்ல மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா...” என்று மேனேஜர் இழுத்தார்.

“நா எதுக்கு அட்ஜஸ்ட் பண்ணணும்? உங்க புரோகிராம அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஜன்னல் இல்லாத அறை கண்ணுக்குள் தெரிந்தது. “என்கிட்ட இன்னொண்ணு இருக்கு சார்” என்றேன். சீனியர் முறைத்தார். சிக்கியிருந்த பூட்டை நானே எடுத்துவிட்டு, பையிலிருந்த டேப்பை ஏற்றினேன். அந்த அம்மா பத்து முறை அடித்தார். அறிக்கை நின்றது, அடுத்த கட்டளை என்ன என்று மரியாதையாகக் கேட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அப்படி உட்கார்ந்தது அரை நிமிடம்.

அடுத்து அவர் மொத்தக் கிடங்கையும் வரிசைப்படுத்தச் சொன்னார். அது ஒரே வரி. அந்த வரி முடியாமல் என் புரோகிராம் கொடியைத் திரும்பிப் பார்க்காது. அடித்தார். அடித்தார். டீ ஆறியது.

“இது என்னப்பா, அது தொட்டா செத்துச்சு, இது அடிச்சாலும் சாவ மாட்டேங்குது!”

சீனியர் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

“உள்ள... பாதியில நிறுத்துனா எதாவது ஆயிடுமோன்னு பயந்து...” என்றேன்.

“மொதல் தடவ மரியாதையா கேக்குறேன். ரெண்டாவது, காது கேக்கலையோன்னு கேக்குறேன். மூணாவது தடவ கோவமா இருக்கேன்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது? கல்யாணம் ஆகலையா உனக்கு?”

ஆகவில்லை. ஆனால் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து எண்ணிக்கை ஒன்றைச் சேர்த்தேன். நிறுத்துவதற்குள் மூன்றாவது சிக்னலும் வந்தால் வேறு எதையும் தொடாமல் பூட்டை மட்டும் எடுத்துவிட்டு வெளியேறிவிடு. ஒழுங்காக நின்றுவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். ஆறு வரி. வரிசைப்படுத்தச் சொல்லி மூன்று முறை அடித்தார். வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனார், கோப்பு திறந்தது. படிவத்தில் ‘கோபமாக அடித்தும் பார்த்தேன், சரி’ என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் சீனியர், அந்த மூன்று கணக்கைத் தானே முதலில் யோசித்து வைத்திருந்ததாக மேனேஜரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். கையேட்டையும் அவரே திருத்தினார்: ‘மூன்று முறை மட்டுமே அழுத்தவும்.’

நிரந்தரக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. மேனேஜரின் கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. ஆனாலும் ஆபீஸ் கிளார்க் அம்மாவிடம் போய், “இது எனக்குத்தானா மேடம்?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். படி வரை இறங்கிவிட்டுத் திரும்பி வந்து கேட்டேன். ஆமாம்ப்பா என்றார். மூன்றாவது முறை நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து கதவைச் சாத்தினார்.