கிளீட்டஸின் குவைத் கோட்டு

தேங்காய்ப்பட்டணத்தில் முதன்முதலாகத் தோல் கோட்டு போட்ட மனுஷன் கிளீட்டஸ்தான். வேறு யாராவது சொன்னால் நம்பக்கூடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், ஒருத்தன் தயவும் இல்லாமல் குவைத் போய், லாரி ஓட்டி, கடற்கரையில் மாடிவீடு வைத்தார். அந்தப் பாலைவனத்து ராக்குளிருக்கு வாங்கிய கோட்டு அது. கறுத்த தோல், கழுத்தைச் சுற்றி முயல் ரோமம். கிறிஸ்துமஸ் பூசையில் வேர்க்க விறுவிறுக்க அவர் நின்றபோது, சனம் பீடத்தையா பார்த்தது? கல்யாண மாப்பிள்ளைமார் ஸ்டுடியோவில் படம் எடுக்க இரவல் கேட்டு வாசலில் நிற்பார்கள்.

இப்போது ஒருவரும் வருவதில்லை. மனைவி பேபி கண்ணை மூடிய பிறகு மாடிவீட்டில் அவரும் கோட்டும் மட்டும்தான். மழைக்காலத்தில் தோலில் பூசணம் பூக்கும். தலைக்கும் உடம்புக்கும் கதவுக்கீலுக்கும் தேங்காயெண்ணெய் போடுகிற ஊரல்லவா, கோட்டுக்கும் அதையே தேய்த்தார்.

அயர்லாந்தில் நர்சாக இருக்கும் மகள் ஜின்சி லீவுக்கு வந்திருந்தாள். போகும்போது கோட்டை அவள் தோளில் போட்டு அனுப்பவேண்டும். அந்தக் குளிரில் அப்பன் நினைப்பு அவள்மேல் கிடக்கவேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

பெட்டி கட்டும்போது எடுத்து வந்தார். ஜின்சி மூக்கைப் பொத்தினாள்.

"அய்யோ அப்பா, காறுன வாடை! எண்ணெயா தேச்சிய?"

"நம்ம மரத்துத் தேங்காயெண்ணெ மக்கா."

"பாருங்க, முடி கையோட வருது." ஒட்டிய ரோமத்தைத் தட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நல்லா இருந்தாலும் நான் போடமாட்டேன் அப்பா. மிருகத்தைக் கொன்னு உடுத்தப்பிடாதுன்னு விட்டாச்சு. அங்க எங்கூட உள்ள பிள்ளைகளும் போடாது."

"நெத்தோலி மீனு திங்கியா?"

"திங்கேன்."

"அதுக்கு உயிரில்லியா?"

"அதை உரிச்சு ஆரும் கோட்டு தைக்கல்லல்லா!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகப் பெட்டியை அடைத்துவிட்டாள். கோட்டு கட்டிலில் கிடந்தது.

அவள் போன மறுநாள் பக்கத்து வீட்டு மரியஜான் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னவே, மகளுக்குக் குடுப்பேன்னு ஊரெல்லாம் கொட்டடிச்சீரு? கோட்டு கொடியில கெடக்கு!"

"அவ கெஞ்சினா வே. நாந்தான் விடல்ல. இதைப் போட ஒரு நெஞ்சு வேணும்."

"அப்ப போட்டுக் காட்டும்."

போட்டுக் காட்டினார். மரியஜான் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். கிளீட்டஸ் பொத்தான்களை மேல்வரைக்கும் மாட்டிக்கொண்டு, வேறு யாராவது அந்த வழி வருகிறார்களா என்று வெயிலில் பார்த்து நின்றார்.