கம்ப்யூட்டரிடம் சொன்ன பொய்கள்

புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைக் குலை லோரி ஓட்டி ஓய்வுபெற்ற அமிர்தலிங்கம் வாயைத் திறந்தால், சுல்தான் பாய் கடையில் ரொட்டி கருகும். பாயே அடுப்பை மறந்துவிட்டுக் கதை கேட்பார். தம்பின் சாலையில் ஒரு யானை வழிமறித்ததாம். இவர் ஹாரன் அடித்ததும் அது தும்பிக்கையை நீட்டி சிக்னல் கொடுத்து ஓரம் ஒதுங்கியதாம். இதை அவர் சொல்லும்போது யானையே பக்கத்து மேசையில் உட்கார்ந்து தலையாட்டுவது போல இருக்கும்.

அவர் மனைவி விமலா நேர்மாறு. இட்லி கல்லாகிவிட்டால் "கல்லாயிடுச்சு" என்று சொல்லியே தட்டில் வைப்பாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். அந்த வாரம் அவள் கையில் இருந்தது மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ். சாமி படம் போட ஒரு பொழுது போதும். ஆனால் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்று முடிவுசெய்ய நிர்வாகக் குழுவுக்கு ஒரு மாதம் பிடித்தது. இரண்டு முறை நாற்காலி பறந்தது. கடைசியில் எல்லாரும் சம்மதித்த வரிசை விமலாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அது போர்டிக்சன் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் திருவிழாவுக்குள் நோட்டீஸ் வராது.

வியாழக்கிழமை சுல்தான் பாய் கடையில் இழவு விழுந்த மாதிரி அமைதி. "உங்கள் பார்சல் காத்திருக்கிறது" என்று வந்த மின்னஞ்சலைத் திறந்திருக்கிறார் பாய். அவ்வளவுதான், கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் எவனோ பூட்டிவிட்டான்.

"பார்சல் எதுவும் வாங்கலையே பாய், ஏன் திறந்தீங்க?"

"வாங்காமலே ஒண்ணு வருதுன்னா யாருக்குத்தான் ஆசை வராது, லிங்கம்ணே?"

அமிர்தலிங்கம் பதறிப்போய் வீட்டுக்கு ஓடிவந்து, சிரம்பானில் வேலை பார்க்கும் மகள் ஷாமினியைக் கூப்பிட்டார். அவள் போனிலேயே வகுப்பெடுத்தாள். 'பிறகு, பிறகு' என்று அம்மா தள்ளிப்போட்ட அப்டேட்டுகளை உடனே போடணும். தெரியாத இணைப்பைத் திறக்கக் கூடாது. முக்கியமானதைப் பென்டிரைவில் நகலெடுத்துத் தனியாக வைக்கணும். கடவுச்சொல் நீளமா இருக்கணும். அது மறந்துபோனால் கம்ப்யூட்டர் கேட்கிற மூன்று கேள்விக்குப் பதிலும் பதிஞ்சு வைக்கணும்.

கேள்விகளைப் பார்த்ததும் அமிர்தலிங்கம் சிரித்துவிட்டார். எங்கே பிறந்தாய்? சின்ன வயதில் என்ன பட்டப்பெயர்? முதலில் வளர்த்த பிராணி எது?

"ஏம்மா, தோட்டத்து லயத்துல பிறந்தவனுக்கு இதெல்லாம் ரகசியமா? தலையில பானை மாட்டிக்கிட்டதுல இருந்து ஊருக்கே நான் 'பானை'தான். எங்க ஆடு, வேலை வாங்குற மண்டோர் வீட்டுப் பூச்செடியை மேஞ்சது லுக்குட் வரைக்கும் தெரியும்!"

"அப்போ உண்மையைச் சொல்லாதீங்கப்பா. பொய் சொன்னா கம்ப்யூட்டர் கோவிச்சுக்காது."

இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சொன்னதே இல்லை. மனிதர் பூரித்துப்போனார். அப்டேட் போட்டார், கடவுச்சொல்லை மாற்றினார், எழுத்துப்பிழை வராமலிருக்க மலாய் மொழியிலேயே மூன்று பொய்களையும் அடித்தார். நகல் எடுப்பதை மட்டும் நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்த விமலா, "கடவுச்சொல் என்னங்க?" என்றாள்.

அமிர்தலிங்கம் யோசித்தார். காதைச் சொறிந்தார். "நல்ல நீளமான சொல்தான்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

மூன்று கேள்விகளும் திரையில் வந்து நின்றன. அவருக்கோ ஒரே கேள்விக்கு ஒன்பது பொய் நினைவுக்கு வந்தது. எதை அடித்தாலும் கதவு திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோயில் தலைவர் தங்கராஜு போன் செய்தார்.

"விமலா, நோட்டீஸ் கிளம்பிடுச்சாம்மா? நம்ம குழுவுல ராமசாமி மறுபடி ஆரம்பிச்சிட்டாரு. இன்னும் அச்சுக்குப் போகலைன்னா தன் பேரை மேல ஏத்தணுமாம். நீ மறுபடி செய்ய உட்கார்ந்தா, நான் காசிக்குப் போயிடுவேன்லா."

"இதோ கிளம்பிடும் தலைவரே," என்று போனை வைத்த விமலா கணவரை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே வெயில் அடித்தது. பிறகு, "பாயைக் கூப்பிடுங்க. உங்க பொய்க்குச் சாட்சி அவர்தான்," என்றாள்.

சுல்தான் பாய் மோட்டாரில் பறந்து வந்தார். "பிராணின்னா சிறுத்தைதான் அண்ணே! பால் குடிச்சிட்டு உங்க கட்டிலுக்கடியில படுக்குமே!"

"அது போன வருஷக் கதை பாய். வேலி மேல காவல் நின்ன உடும்பா இருக்குமோ?"

"உடும்பா? அதை எங்கிட்ட சொல்லவே இல்லையே!" பாய்க்கு மனத்தாங்கல்.

விமலா கையமர்த்தினாள். "பொண்ணு பார்க்க வந்தப்போ எங்கே பிறந்ததா எங்கப்பாகிட்ட சொன்னீங்க?"

அமிர்தலிங்கம் நெளிந்தார். "கப்பல்ல."

"ஆமா, நடுக்கடல்ல, புயல்ல. அதுதான் உங்களுக்குப் பிடிச்ச பொய். பட்டப்பெயர்?"

"கப்பல்ல பிறந்தவனை வேற எப்படிக் கூப்பிடுவாங்க? கேப்டன்!" அவர் முகம் மலர்ந்தது.

கப்பல், கேப்டன், சிறுத்தை என்று பாய் மலாயில் அடித்தார். திறக்கவில்லை.

"கப்பல்ல பிறந்த கேப்டனுக்குச் சிறுத்தை எங்கிருந்து பாய் வரும்?" என்றாள் விமலா. "இவர் பொய்யெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்க. தண்ணியில பாருங்க."

"லுக்குட் ஆத்து முதலை!" பாய் துள்ளினார். "காலர் கட்டி நடத்திட்டுப் போவாரே!"

சிறுத்தையை அழித்துவிட்டு, முதலைக்கு மலாயில் 'புவாயா' என்று அடித்ததும் திரை திறந்தது. நோட்டீஸில் ஒரு பெயரும் இடம் மாறாமல் அப்படியே இருந்தது. விமலா முதல் வேலையாகப் பென்டிரைவில் நகலெடுத்தாள், பிறகு அச்சகத்துக்கு அனுப்பினாள். அச்சு மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அங்கிருந்து பதில் வந்த பிறகே தங்கராஜுவுக்கு மூச்சு வந்தது. அவர் காசிப் பயணத்தை ரத்து செய்தார்.

"இப்போ முதலைதான் பதில்னு எனக்கும் தெரிஞ்சு போச்சே, லிங்கம்ணே," என்றார் பாய். "ராத்திரிக்குள்ள ஊருக்கே தெரியும்."

விமலா கணவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து மூன்று புதுப் பதில்களை அடித்தாள். அமிர்தலிங்கம் எட்டிப் பார்த்தார். அவள் கையால் மறைத்தாள்.

"உனக்குத்தான் பொய்யே வராதே விமலா?"

"வராதுன்னு யார் சொன்னா?" என்றாள் அவள், திரும்பிப் பாராமல். "உங்களை மீறி யாரால இந்த வீட்டில வாயைத் திறக்க முடிஞ்சது?"