குப்பம்மாள் ஊற்றிய கஞ்சி

மூன்று வருஷம் மழை இல்லாமல் பழவேற்காட்டு ஏரி கரையை விட்டு வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தபோது, குப்பம்மாளுக்கு ஒல்லாந்தர் கோட்டையை ஒட்டிய கொட்டகையில் கஞ்சி காய்ச்சும் வேலை கிடைத்தது. கூலி, அந்திக்கு ஒரு கலயம் கஞ்சி. அவளும் புருஷன் தருமனும் அதைக் குடித்துத்தான் அந்தப் பஞ்சத்தில் உயிரோடு இருந்தார்கள்.

கொட்டகையில் இருந்தவர்கள் உள்நாட்டு ஜனங்கள். தானியத்துக்காகத் தங்களையே விற்றுக்கொண்டவர்கள், சொந்தக்காரர்களால் விற்கப்பட்டவர்கள். கடல் தாண்டிக் கொண்டுபோகக் கப்பல் வரும்வரை அவர்களை அங்கே வைத்திருந்தார்கள். எழுந்து நடக்க முடியாதவர்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

தெம்பு என்ற சொல் அவளுடைய மீனவக் குப்பத்தில் எல்லாவற்றுக்கும் ஆகும். காய்ச்சல் விட்டு எழுந்தவனைத் தெம்பு வந்ததா என்று கேட்பார்கள். வலை இழுக்கவும் தெம்பு வேண்டும், பஞ்சாயத்தில் எழுந்து எதிர்த்துப் பேசவும் தெம்பு வேண்டும். கூடப் பிறந்தவன் பக்கத்துக் குடிசையில் இருந்தால் அதுவே ஒருத்திக்குத் தெம்பு. கொட்டகையிலும் குப்பம்மாள் அதையேதான் சொன்னாள். "குடிம்மா, தெம்பு வரும்" என்று வாய் வாயாக ஊற்றினாள். சுருண்டு கிடந்தவர்கள் பத்து நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் கப்பல் வந்தது. வெள்ளைக்காரர்களுக்காகத் தமிழ் பேசும் துபாஷி ஆபிரகாம் வரிசையாக வந்து, "தெம்பு வந்துச்சா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேலிவரை நடக்கச் சொன்னார். நடந்தவர்களைப் படகில் ஏற்றினார்கள். படகு வலித்தவர்களில் தருமனும் ஒருவன்.

அன்று வீட்டுக்கு வந்தவன் கஞ்சியைத் தொடவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றாள் குப்பம்மாள்.

"கப்பல்ல ஏறமாட்டேன்னு படகு விளிம்பப் புடிச்சிக்கினாங்க. ஒவ்வொரு வெரலா பிரிக்க வேண்டியதாப் போச்சு. நல்லாத்தான் தெம்பு ஏத்தி வச்சிருக்க."

அவன் குத்திக் காட்டவில்லை. பார்த்ததைச் சொன்னான். ஆனால் அவளுக்கும் அன்று கஞ்சி இறங்கவில்லை.

ராஜாத்தி வந்தது அதற்கு அடுத்த மாதம். பொன்னேரிக்கு மேற்கே ஒரு நெசவாளர் ஊர். ஒரு மூட்டை கேழ்வரகுக்காகப் புருஷனே கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான். மூன்றாம் நாள் அவள் குப்பம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, அடுத்த கப்பல் போறவரைக்கும் எனக்குத் தெம்பு வரக் கூடாது. மழ பேஞ்சதும் வந்து இட்டுனு போறேன்னு அவரு சொல்லிக்கீறாரு."

மறுநாளிலிருந்து குப்பம்மாள் பானையின் மேல்தண்ணீரை மட்டும் அவளுக்கு வார்த்தாள்.

கப்பல் வந்த அன்று ராஜாத்தி நாலடி நடந்தாள். குடம் விழுந்து உடைந்தது, அவளும் அதன் மேலேயே விழுந்தாள். ஆபிரகாம் குப்பம்மாளைக் கூப்பிட்டார்.

"இவளுக்கு ஊத்துறியா, இல்லியா?"

"ஊத்துறேன், ஐயா. ஒடம்புல ஒட்டல."

அவர் அடுத்த ஆளிடம் போனார்.

பாய்மரம் கண்ணுக்கு மறைந்த பிறகு ராஜாத்தி படுத்தபடியே சிரித்தாள். குப்பம்மாள் அன்றே கெட்டிக் கஞ்சி கொண்டுவந்தாள். வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு எடுத்து வந்தாள். வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"போதும் ராஜாத்தி, கப்பல் போயிடுச்சி. நடிக்காத, குடி."

"நடிக்கல, அக்கா. எறங்க மாட்டேங்குது."

ஒன்பதாம் நாள் விடியும்போது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. கொட்டகை ஆட்களிடம் கேட்டு வாங்கி, குப்பம்மாளும் தருமனும் பனையோலையால் மூடித் தூக்கிப்போய்க் குப்பத்துக்குப் பின்னால் மணலில் புதைத்தார்கள். குழி தோண்டும்போதுதான் தான் செய்ததைப் புருஷனிடம் சொன்னாள். அவன் மண்ணைத் தள்ளி முடித்தான்.

"நாளையிலேர்ந்து அங்க போவாத" என்றான்.

"நா போவலன்னா, அங்க கெடக்கறவங்களுக்கு யாரு ஊத்துவா?"

மறுநாள் அவள் போனாள். எல்லோருக்கும் அடியோடு கலக்கிக் கெட்டியாக ஊற்றினாள். ஊற்றும்போது எதுவும் சொல்வதை விட்டுவிட்டாள். நடந்தவர்கள் கப்பலுக்குப் போனார்கள். நடக்காதவர்கள் மணலுக்குப் போனார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி நிறைந்து இறால் வந்தது, கொட்டகை காலியானது. ராஜாத்தியின் புருஷன் வருவான் என்று குப்பம்மாள் தை வரை கோட்டை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை. நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று ஒருநாள் விடியலில் கிளம்பி, வழி கேட்டுக் கேட்டு உச்சிப்பொழுதில் அந்த ஊரை அடைந்தாள்.

ஊரில் ஒருவரும் இல்லை. கூரைகள் இற்று விழுந்திருந்தன. நெசவாளர்கள் கால் வைத்து உட்காரும் தறிக்குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது, தவளைகள் கத்தின. அவள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தாள். எது ராஜாத்தியின் வீடு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.