படத்தில் தெரியாத முதுகு

பழைய போட்டோ ஒன்று கைக்கு வந்தால் மகாலட்சுமி முகத்தை முதலில் பார்ப்பதில்லை. பூதக்கண்ணாடியைத் தோளில் வைப்பாள். கை எந்த இடத்தில் உடம்போடு சேருகிறது, அங்கே எத்தனை சுருக்கு, இடுப்புத் தையல் நேராக ஓடுகிறதா, முன்னால் கொஞ்சம் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் முகத்துக்கு வருவாள். "பாவம், கால் வலிக்குது போல இவளுக்கு. நிக்க வச்சே எடுத்துருக்காக," என்பாள். படத்தில் இருப்பவள் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும்.

போட்டோக்கள் கம்பத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சம்சுதீன் பாயிடமிருந்து வருகின்றன. மலைமேல் எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது நாற்காலி, பீரோவோடு ஆல்பங்களும் லாரியில் இறங்கிவிடும். நாற்காலிக்கு ஆள் உண்டு. யாரோ ஒரு துரைசாணி கவுன் போட்டுக்கொண்டு நாயைப் பிடித்தபடி நிற்கும் படத்தை யார் கேட்பார்கள்? "ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன்த்தா. இந்தம்மாவப் பாருங்க, கையி ரெண்டும் பலூன் மாதிரி ஊதியிருக்கு," என்று பாய் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டுக் கொடுப்பார்.

மகாலட்சுமிக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு கோம்பையில்; வேலை தேவாரம் தபால் ஆபீஸ் கவுண்டரில். வாரத்தில் ஆறு நாள் கஞ்சி போட்ட காட்டன் சேலை. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் தையல் மெஷினின் மூடியைத் தூக்குவாள். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய மோஸ்தரில் கவுன் தைப்பாள். வட்டக் காலர், புஸ்ஸென்று நிற்கும் கை, இடுப்பைப் பிடித்து அதற்குக் கீழே குடையாக விரியும் பாவாடை. இதுவரை பதினொரு கவுன் ஆகியிருக்கிறது. பதினொன்றும் அவள் அளவுக்குத் தைத்தவை, ஒன்றுகூட வாசல் கேட்டைத் தாண்டியதில்லை. தைத்து முடித்த அன்று போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள், மொட்டைமாடிக்குப் போவாள், அதே கவுனோடு பருப்பை வேகப் போடுவாள்.

திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு வரும் அவள் புருஷன் தவசி, வாசலில் நின்றபடி குரல் கொடுப்பார்.

"துரைசாணி இருக்காகளா? உள்ள வரலாமா?"

"மருந்து நாத்தத்தோட துணிப் பக்கம் வராதீக. குளிச்சிட்டு வாங்க."

"அடடே, துரைசாணிக்குத் தமிழ் வருதே."

ஆனி பிறந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் மேல்காற்று நின்று பேச விடாது. முதல் கவுனைப் போட்டுக்கொண்டு மாடியில் திரும்பியபோது பாவாடை மொத்தமாகத் தலைக்கு மேலே போய்விட்டது. வெள்ளைக்காரிகள் இதற்கு என்ன செய்தார்கள் என்று எந்த ஆல்பத்திலும் இல்லை. மகாலட்சுமி வைகை அணைப் பக்கம் மீன்வலை விற்பவரிடம் ஈயக்குண்டு வாங்கிவரச் செய்து, பாவாடையின் கீழ்மடிப்புக்குள் சாண் இடைவெளியில் வைத்துத் தைத்தாள். அன்றிலிருந்து அவளுடைய கவுன்கள் அவள் திரும்பிய பிறகு, யோசித்துவிட்டுத் திரும்புகின்றன.

மெஷின் ஓடும்போது அவள் வீட்டில் இருப்பதில்லை. கால் மிதித்துக்கொண்டிருக்கும், கை துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும், ஆள் மட்டும் படத்துக்குள் போயிருப்பாள். படம் எடுத்தவன் "சரி" என்று சொல்லியிருப்பான். நாயை அவிழ்த்துவிட்டு அந்தப் பெண் புல்லில் நடந்து போவாள். மேகம் கீழே இறங்கி வந்து தேயிலைச் செடிகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பாவாடை நனையும். அவள் போய்க்கொண்டே இருப்பாள். ஜன்னலுக்கு வெளியே நிஜமான மலையில் நிஜமான மேகத்தின் நிழல் ஊர்ந்துகொண்டிருக்கும். எது எங்கே முடிகிறது என்று மகாலட்சுமிக்குத் தெரியாது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றும் தெரியாது. தவசி வந்து அடுப்பை அணைப்பார்.

அந்தக் கனவு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அறுந்துபோகும். நடந்து போகிறவளின் முதுகு தெரிய வேண்டுமே. எல்லாப் படமும் முன்பக்கம் எடுத்ததுதான். பின்னால் கொக்கியா, பட்டனா, தையல் எங்கே வருகிறது, ஒன்றும் தெரியாது. மகாலட்சுமி ஒரு ஜிப்பை வைத்து முடித்துவிடுவாள். தன் முதுகைத் தான் பார்க்கப்போவதில்லை என்பது அவள் கணக்கு.

ஆபீஸில் பக்கத்து சீட்டில் ஜெபஷீலா. வயது முப்பத்தாறு. பன்னிரண்டு வயதில் அவளுக்கு முதுகெலும்பு வளைய ஆரம்பித்தது. பெல்ட் போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் ஒரு வருஷத்தில் கழற்றிப் போட்டாள். வளர்த்தி நின்றதும் வளைவும் நின்றது. இடது தோள் இரண்டு விரற்கடை இறக்கம், வலது பக்கம் தோள்பட்டை எலும்பு துருத்தல். மற்றபடி மூச்சு சீராக இருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள், பார்சல் தூக்குகிறாள். முந்தானையை வலது பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகியே வைத்திருப்பாள். வெயில் காலத்திலும் அவிழ்க்க மாட்டாள்.

போன ஆனியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கம்பத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. முதுகைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். "நல்ல வேளை வளைஞ்சிருக்க. நிமிந்தா என்னையவிட ஒசரம்," என்று சொன்னாராம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபஷீலா டிபன் டப்பாவை மூடிவிட்டுப் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, திங்கக்கிழமையானா ஒங்க சேலையில கலர் கலரா நூல் ஒட்டியிருக்கே, அந்த வேலை எனக்கு ஒண்ணு செய்யணும். சர்ச்சுக்கு வெள்ளைக் கவுன்."

"நான் டெய்லர் இல்ல புள்ள. என் ஒடம்பத் தவிர ஒருத்தருக்கும் தச்சதில்ல."

"டெய்லர்கிட்ட போயிட்டுத்தான் வாரேன். மூணு பேரு. டேப்ப முதுகுல வச்சதும் மூணு பேரும் உச்சுக் கொட்டுறாக." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "முக்கா மணி நேரம்க்கா. பாஸ்டர் மட்டுந்தான் என் மூஞ்சியப் பாப்பாரு. நானூறு பேரு முதுகத்தான் பாப்பாக. நேரா காட்டிருங்க, அது போதும்."

மகாலட்சுமி மூன்று நாள் யோசித்தாள். தன் கவுன் கோணினால் கழற்றி வைத்துவிடலாம். இவளுடையது கோணினால் நானூறு பேர் நடுவே இவள் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நான்காம் நாள், "ஞாயித்துக்கிழமை வா," என்றாள்.

முதலில் காடாத் துணியில் வெள்ளோட்டம். வழக்கம்போலத் துணியை இரண்டாக மடித்து, கோடு போட்டு, வெட்டித் தைத்தாள். இறங்கிய தோள் பக்கம் துணிக்குள் பஞ்சுத் திண்டு வைத்தாள். கண்ணாடி முன்னால் ஜெபஷீலா நேராக நின்றாள். இருபத்து நான்கு வருஷத்தில் முதல் முறை.

"மாடியில போயி நடந்து பாரு," என்றாள் மகாலட்சுமி. "முழங்கால் போட்டும் பாரு. ஜெபம் பண்ணனுமே."

முழங்கால் போட்டபோது உடம்பு ஒரு பக்கம் இறங்க, திண்டு இறங்க மறுத்துக் காதுவரை ஏறி நின்றது. கழுத்துப்பட்டி வாயைப் பிளந்தது. ஜெபஷீலா அந்தத் தோளை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இது யாரு தோளுக்கா?"

"பஞ்சு."

"என்னையவிட நல்லா நிக்குது. மாப்பிள்ளைக்கு அதையே கட்டி வச்சிரலாம்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். ஓய்ந்ததும் ஜெபஷீலா மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சேலைக்குள்ள இருவது வருசமா ஒளிஞ்சாச்சு. அன்னைக்கும் ஒளியணுமாக்கா? கழட்டிப் போடுங்க இத."

தப்பு மடிப்பில் இருந்தது. துணியை இரண்டாக மடித்து வெட்டுவதுதான் எல்லோரும் பழகியது. இடமும் வலமும் ஒன்று என்று எண்ணித்தான் மடிக்கிறார்கள். ஜெபஷீலாவுக்கு இடம் வேறு, வலம் வேறு. மகாலட்சுமி திண்டை உருவினாள். புதிய காடாவை மடிக்காமல் கட்டிலில் விரித்தாள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்தாள். வெட்டியதை அவளுக்குப் போட்டுவிட்டு, பின்னால் நின்று, கழுத்துக்குக் கீழே தொடங்கி ஒவ்வோர் எலும்பாக விரலால் தடவி சாக்பீஸால் புள்ளி வைத்தாள்.

"கூசுதுக்கா."

"ஆடாத. இப்பத்தான் ஒம்போது."

பதினேழு புள்ளி வந்தது. சேர்த்துக் கோடு இழுத்தபோது, கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை மாதிரி வலது பக்கம் ஒரு வளைவு வளைந்து, இடுப்புக்கிட்ட இடது பக்கம் திரும்பியது. மகாலட்சுமி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். பட்டன் வரிசை நேராகத்தான் இறங்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கோட்டின் மேலேயே இறங்கட்டும்.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு அவளைப் பிடிக்க முடியவில்லை. படத்துப் பெண்களை மறந்துபோனாள். மெஷின் ஓட ஓட அவள் கண்ணுக்குள் ஒரு வெள்ளைக் கவுன் நடந்தது. அவசரமில்லாமல், அவளைவிட்டு விலகி, வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. முதுகு முழுசாகத் தெரிந்தது. வளைவில் பட்டன்கள், நனைந்த கூழாங்கல் மாதிரி, ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தன. அறுந்துபோகாத கனவு. அடுப்பைத் தவசியே பற்ற வைத்துத் தவசியே அணைத்தார். முப்பத்து மூன்று பட்டனுக்கும் வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தவரும் அவர்தான். கடைசிப் பட்டன் ஏறிய அன்று கவுனைத் திருப்பிப் பார்த்தார்.

"ரோடு போட்டுட்ட மகா. பஸ்ஸு எப்ப விடுவாக?"

ஆவணியில், உத்தமபாளையத்தில் கல்யாணம். மகாலட்சுமி வழக்கமான காட்டன் சேலையில் போய்க் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. ஜெபஷீலா இறங்கினாள். அவள் முதுகில் பட்டன் ஒன்றுகூடத் தெரியவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை, மணப்பெண்ணின் கொண்டையில் குத்திவிடும் நெட் முக்காட்டை, நெருக்கமாகப் பூவேலை செய்ததாக வாங்கிவந்து, தோளிலிருந்து தரைவரை தொங்கவிட்டிருந்தாள்.

"மூடுனாத்தான் லட்சணம். சபை கூடியிருக்குல்ல," என்று அத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பரப்பினாள்.

"வேணாம் அத்தே."

"சும்மா வா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

உள்ளே பாட்டுத் தொடங்கியது. நானூறு பேரும் எழுந்தார்கள். ஜெபஷீலாவின் இரண்டு கையிலும் பூச்செண்டு. கழுத்தை மட்டும் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

மகாலட்சுமி வாசலுக்குப் போனாள். அவள் பின்னால் வந்து நின்றதும் ஜெபஷீலா தலையைக் குனிந்து கொடுத்தாள். கொண்டையிலிருந்து நான்கு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, நெட் முக்காட்டை மொத்தமாகச் சுருட்டித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள் மகாலட்சுமி. "ஏம்மா, யாரு நீ?" என்று அத்தை கேட்டாள். மகாலட்சுமிக்கு வாய் நிறைய ஊசி. உள்ளங்கையை அந்தப் பட்டன் வரிசையின் வளைவில் வைத்து, பெண்ணை மெல்ல முன்னால் தள்ளிவிட்டாள்.